நாகவேணிக்குத் தூரம் குறைத்த வருடம்

பெரியவர்கள் பேட்சை ஏற்று நடத்தப்போகும் உங்களுக்கு ஒரே ஒரு நீச்சல்காரியைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்ட்ரோக் திருத்துவதும் டர்ன் சொல்லித்தருவதும் உங்களுக்கு நன்றாகவே வரும். அதைப் படித்துத்தான் வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்கும் பெரியவர்களைப் போட்டிக்குத் தயார் செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எனக்கு யாரும் எந்த முகாமிலும் சொல்லித்தரவில்லை. பிள்ளைகள் நீந்தாமல் தப்பிக்கப் பார்ப்பார்கள். அவர்களைத் தண்ணீரில் இறக்குவது நம் வேலை. போட்டி ஆசையோடு வரும் பெரியவர்களை வெளியே ஏற்றுவது நம் வேலை. இரண்டாவதுதான் கஷ்டம்.

ஓசூர் நீச்சல் குளத்துக்கு நாகவேணி என்னிடம் வந்தபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. கெலமங்கலத்துக்கு வெளியே, கணவரின் நிலத்திலேயே வீடு. கணவர் கிருஷ்ணப்பா ராயக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து தக்காளி ஏற்றிப் போகும் டெம்போவை ஓட்டுகிறவர். வீட்டில் கன்னடம் பேசுவார்கள், என்னிடம் தமிழ். கிணற்றில் நீந்திப் பழகிய உடம்பு அவளுக்கு. தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துவாள், தண்ணீரைப் போட்டு அடிப்பாள். அதையெல்லாம் பொறுமையாக மாற்றிக்கொண்டு, வயதுப் பிரிவுப் போட்டிகளில் ஜெயிக்க ஆரம்பித்து, பிறகு கடலில் பத்து கிலோமீட்டர் நீந்த வேண்டும் என்று வந்து நின்றாள்.

முதல் தடவை கர்நாடகக் கடற்கரையில் அந்தப் போட்டிக்குப் போனோம். கடலில் ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு படகு வரும். போட்டிக்கு நேர வரம்பு உண்டு. கரையில் நிற்கும் ஆட்களின் சட்டை நிறம் தெரிகிற தூரத்தில் அவளுக்கு நேரம் முடிந்துபோயிற்று. நடத்துபவர்கள் விசில் ஊதி அவளைப் படகில் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினோம். அவள் அழவில்லை. திரும்பி வரும் வழியில், பெங்களூரில் இறங்கி ஓசூர் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாய் திறந்தாள்.

“பிராக்டீஸ்ல தூரம் பத்தல மேடம். அடுத்த வருஷம் தூரத்த ஏத்திரலாம்.”

நான் மறுக்கவில்லை. நீண்ட தூரப் போட்டிக்கு நீண்ட தூரம் நீந்தித்தான் ஆக வேண்டும். ஆனால் எவ்வளவு, எந்த வேகத்தில் ஏற்றுவது என்பதை நான் சொல்வேன் என்றேன். சரி என்றாள்.

அந்த வருடம் மெதுவாக ஏற்றினோம். முதல் ஷிஃப்ட் வாரத்தில் வேலை முடிந்து மாலையில் வருவாள். இரண்டாம் ஷிஃப்ட் என்றால் காலையில். நைட் ஷிஃப்ட் வாரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் குளத்துக்கு வந்துவிடுவாள், கண்ணெல்லாம் சிவந்திருக்கும். மழைக்காலம் முடிகிற சமயத்தில் வாரத்துக்கு இருபத்தைந்து கிலோமீட்டரைத் தொட்டிருந்தாள். அவள் வயதில், அந்த வேலையையும் வைத்துக்கொண்டு, அது பெரிய தூரம். நன்றாகவும் நீந்தினாள்.

பிறகு வேகம் குறைய ஆரம்பித்தது. குறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம், அதனால் நான் முதலில் பதறவில்லை. வாரத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் “சரிங்க மேடம்” என்றாள். இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு கிலோமீட்டரைக் குறைத்தாலே என்னோடு அரை மணி நேரம் வாதாடுகிறவள், ஆறேழு கிலோமீட்டர் குறைத்ததற்குச் சிரித்துக்கொண்டே போகிறாள். தூரம் குறைந்தும் வேகம் திரும்பவில்லை. இன்னும் மோசமாயிற்று. இடது கை தண்ணீரில் நுழைய வேண்டிய இடத்துக்கு ஒரு சாண் வெளியே போய் விழுந்தது. யாராவது லேனில் குறுக்கே வந்தால் எரிந்து விழுந்தாள். தோள் வலிக்கிறதா என்று கேட்டால், “அதெல்லாம் ஒண்ணுமில்ல மேடம்.”

ஒரு நாள் காலை அவள் குளத்தில் இருக்கும்போது கிருஷ்ணப்பா என்னைத் தேடி வந்தார். டெம்போவை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, கேட்டுக்கு வெளியே என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

“நான் வந்து சொன்னன்னு அதுக்குத் தெரியக் கூடாது மேடம்.”

“என்ன விஷயம், சொல்லுங்க.”

“வூட்டு கெணத்துல தெனமும் நீந்துது. இங்க நீங்க கொறச்சீங்களாமே, அத்த அங்க சரி பண்றேன்னு சொல்லுது. கெணறு சின்னது, நாலு கை போட்டா சுவரு வந்துரும். அதனால இடுப்புல கயித்தக் கட்டிக்கினு, மோட்டார் பைப்புல மறுமுனையக் கட்டிட்டு, நின்ன எடத்துலயே நீந்துது. ஒரு மணி நேரம், சில நாளு அதுக்கும் மேல.”

நான் திரும்பிக் குளத்தைப் பார்த்தேன். மறுபடி அவரே பேசினார்.

“எனக்கு நீச்சல் தெரியாது மேடம். கயித்தப் பாத்துக்கினு மேலயே உக்காந்திருப்பேன். வேணான்னா என்கிட்ட பேசவே மாட்டேங்குது. இப்ப பத்து நாளா தல வாரக்கூட கைய தூக்க முடியல. நான்தான் ஜடை போட்டு விடறேன்.”

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அப்போதே உள்ளே போய் அவளை மேலே ஏற்றித் திட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால் கிருஷ்ணப்பா சொன்னது தெரிந்துவிடும். அடுத்த தடவை அவர் எதையும் என்னிடம் சொல்ல மாட்டார். அதைவிட, திட்டு வாங்கினால் அவள் இன்னும் மறைவாக நீந்துவாள். அதனால் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கெலமங்கலம் பக்கம் வேலை இருந்தது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

நான் போனபோது அவள் கிணற்றில்தான் இருந்தாள். தண்ணீர் நிறைய இருந்தது. இடுப்பில் நைலான் கயிறு. முன்னால் போகாமல் இருந்த இடத்திலேயே கைகள் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. வலது கை சரியாக விழுந்தது. இடது கையை முழங்கையிலிருந்து இழுத்து எப்படியோ தண்ணீருக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். கிருஷ்ணப்பா என்னைப் பார்த்ததும் எழுந்து, யாரோ எவரோ வந்ததுபோல “வாங்க மேடம்” என்று சத்தமாகச் சொன்னார். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கயிற்றை மறைக்கவில்லை. படியேறி வந்து எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“போன வருஷம் பத்தலன்னுதான மேடம் படகுல ஏத்துனாங்க. இந்த வருஷம் அதவிடக் கொறைக்கச் சொல்றீங்க. எந்த ஊர் கணக்கு இது?”

“இடது கையைத் தலைக்கு மேல தூக்கு.”

தூக்கினாள். காது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கப் பார்த்தாள். போதும் என்று நானே கையைப் பிடித்து இறக்கினேன்.

கயிற்று நீச்சல் ஒரு தோளை இவ்வளவு கெடுக்கும், நம்பலாம். ஆனால் அவள் கிணற்றில் இறங்குவதற்கு முன்பே வேகம் குறைந்திருந்தது. அது ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. கம்பெனியில் இப்போது என்ன வேலை என்று கேட்டேன். நாலைந்து மாதமாகப் பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள் என்றாள். என்ன செய்வாய், செய்து காட்டு என்றேன். எழுந்து நின்றாள். தலை உயர ரேக்கிலிருந்து ட்ரேயை இழுத்து, இறக்கி, இடுப்பு உயரத்தில் இருக்கும் பெட்டியில் வைக்க வேண்டும். வலது கை, இடது கை, வலது கை, இடது கை. ட்ரே இல்லாமல் காற்றில் அவள் அதைச் செய்து காட்டியபோது கிருஷ்ணப்பாவே சொல்லிவிட்டார்.

“இத்தத்தான தண்ணியிலயும் பண்ற?”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அது வேல மேடம். அது எப்படி நீச்சல்ல சேரும்?”

“உன் தோளுக்கு அது தெரியாது. ஒரு ஷிஃப்ட் முழுக்க அங்க நீந்திட்டு, இங்க வந்து நீந்தி, மறுபடி கிணத்துல நீந்தற. நீ போன வருஷத்தைவிடக் குறைச்சலா நீந்தல. ரெண்டு மடங்குக்கு மேல நீந்தற.”

அன்றைக்கு மூன்று விஷயம் பேசி முடித்தோம். கயிறு அவிழ வேண்டும். ஓசூரில் எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். பேக்கிங்கிலிருந்து இடம் மாற்றிக் கேட்க வேண்டும். முதல் இரண்டுக்கும் தலையாட்டினாள். மூன்றாவதற்கு முடியாது என்றாள்.

“நீச்சலுக்குப் போவ லைட் வேல கேக்குதுன்னு லைன் முழுக்கப் பேசுவாங்க மேடம். வேற எது வேணா சொல்லுங்க.”

“நான் வந்து உங்க இன்சார்ஜ்கிட்ட பேசட்டுமா?”

“வேணா. பேசறதுன்னா நானே பேசறேன்.”

டாக்டர் தோளைத் திருப்பிப் பார்த்து, ஸ்கேன் எடுத்துவிட்டு, தசைநார் வீங்கியிருக்கிறது, கிழியவில்லை, இப்படியே போனால் கிழியும் என்றார். மூன்று வாரம் கைக்கு ஓய்வு. போட்டிக்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. மறுநாளே அவள் லைன் இன்சார்ஜிடம் போய் நின்றாள். போட்டிக்காக என்று கேட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, தோள்வலி என்று கேட்டால் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். இவள், “ரெண்டுக்கும்தான் சார் கேக்கறேன்” என்று சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, புதிதாக வந்திருந்த பெண்களுக்குப் பேக்கிங் வேலையைப் பழக்கிவிட்டால் உட்கார்ந்தே செய்கிற இன்ஸ்பெக்ஷன் மேசைக்கு மாற்றுவதாகச் சொன்னார். பழக்கிவிட்டாள். மாற்றினார். லைனில் பேசத்தான் செய்தார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மூன்று வாரமும் ஒரு நாள் தவறாமல் குளத்துக்கு வந்தாள். நீந்த முடியாதவள் ஏன் கெலமங்கலத்திலிருந்து ஸ்கூட்டரில் அத்தனை தூரம் வர வேண்டும் என்று மற்றவர்கள் கேட்டார்கள். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு காலை மட்டும் அடித்து நீந்த அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தேன். டிசம்பர் குளிர், தண்ணீரில் வேகமாகப் போகிறவர்களுக்கே நடுங்கும். இவள் பின்னால் ஊர்ந்துகொண்டே, பக்கத்து லேனில் எல்லோரும் தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே, சொன்னதை முடித்துவிட்டுத்தான் ஏறுவாள். அதிகமாக நீந்த ஒரு பிடிவாதம் வேண்டும். குறைவாக நீந்த அதைவிடப் பெரிய பிடிவாதம் வேண்டும் என்று அவளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கை திரும்ப மேலே எழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டினேன். இந்தத் தடவை நைட் ஷிஃப்ட் வாரத்துக்குப் பாதித் தூரம்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். பழைய உயரத்துக்கு நாங்கள் திரும்பவே இல்லை. ஆனாலும் வேகம் வந்தது. இடது கை நேராக விழுந்தது.

மிச்சமிருந்தது ஒரு பெரிய நீச்சல். போட்டிக்குச் சில வாரம் முன்னால் ஒரே மூச்சில் எட்டு கிலோமீட்டர் நீந்துவதாகப் பேசிவைத்திருந்தோம். பார்த்தால், கம்பெனியில் ஷிஃப்டை மாற்றிப்போட்டதில் அந்த வாரம் நைட் ஷிஃப்ட் விழுந்துவிட்டது. அவள் காலையில் வந்து குளத்து ஓரம் நின்றபோதே தெரிந்தது, நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் நீந்தினால் போட்டிக்குள் உடம்பு தேறாது. ஆக, அந்த நீச்சல் இல்லை என்றே அர்த்தம். அவளுக்கும் அது புரிந்தது.

“இத்தையும் விட்டா, எத்த நம்பி மேடம் கடல்ல எறங்கறது?”

வீட்டுக்குப் போய்த் தூங்கு, மாலையில் சொல்கிறேன் என்று அனுப்பினேன். உண்மையில் நான் ஆடிப்போயிருந்தேன். அந்த நீச்சலை விட்டு, கடலில் மறுபடி நேரம் போதாமல் போனால் அதற்கு நான்தான் பொறுப்பு. நீந்தவைத்து, தோள் போனாலும் நான்தான். பெங்களூரில் நான் வேலை பழகியபோது எனக்கு மேலே இருந்த பயிற்சியாளர் ஒருவருக்குப் போன் செய்தேன். அதிகம் பேசாத பெண்மணி. முழுக்கக் கேட்டார்.

“அந்த எட்டு கிலோமீட்டர் அவ உடம்புக்கு வேணுமா, மனசுக்கு வேணுமா?”

“மனசுக்குத்தான்.”

“அப்போ பயத்துக்குக் கிலோமீட்டர் போடாத. அவ பயந்தா பக்கத்துல உக்காந்து பேசு. தண்ணியில இறக்காத.”

மாலையில் நாகவேணிக்குப் போன் செய்து, நீச்சல் கிடையாது என்றேன். நான் சொல்வது தப்பாகப் போகலாம் என்பதையும் சொன்னேன். பிறகு, இந்த வருடம் அவள் நீந்தி முடித்தவற்றை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தினேன். வெகுநேரம் பேசினோம். கடைசியில், “சரிங்க மேடம்” என்றாள். முன்பு ஒரு தடவை சிரித்துக்கொண்டு சொன்னாளே, அந்தச் சரி வேறு. இதைச் சொல்ல அவள் கஷ்டப்பட்டாள். அதனால் இதை நம்பினேன்.

போட்டியன்று காலையில் கடல் அமைதியாக இருந்தது. படகில் நானும் ஒரு மீனவரும். உப்புப் போட்டு நீர்க்கக் கரைத்த ராகிக் கஞ்சியைப் பாட்டிலில் ஊற்றி, கயிற்றில் கட்டித் தண்ணீரில் போடுவேன், குடித்துவிட்டு விட்டுவிடுவாள். நீந்துகிறவர் படகைத் தொடக் கூடாது, படகில் இருக்கிறவரும் அவரைத் தொடக் கூடாது. தொட்டால் போட்டி முடிந்தது. பாதி வரைக்கும் அவள் நீந்தியதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. பாதிக்கு மேல் காற்றும் நீரோட்டமும் எதிரே திரும்பின. முன்னால் போன இரண்டு பேரைப் படகில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அவளுக்கு அது தெரியக் கூடாது என்று எங்கள் படகை அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே வரும்படி ஓட்டச் சொன்னேன்.

முக்கால் தூரம் தாண்டியதும் மந்தமானாள். உதடு வெளுத்துப்போயிற்று. கஞ்சிப் பாட்டிலைப் பிடிக்கத் தடுமாறினாள். மீனவர் துடுப்பை வைத்துவிட்டு, “சாக்கு அம்மா” என்றார். போதும், மேலே தூக்கிவிடலாம் என்று கன்னடத்தில் சொல்கிறார். அவர் கடலிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. களைத்த ஆள் வேறு, மயங்கப் போகிற ஆள் வேறு. மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். எனக்கு அதிக நேரம் இல்லை.

“நாகவேணி, அடுத்த வாரம் எந்த ஷிஃப்ட்?”

தலையைத் தூக்கினாள். இரண்டு மூச்சு விட்டாள்.

“செகண்டு. திங்கக்கெழம லீவு சொல்லியிருக்கேன். இப்ப என்னாத்துக்கு அது?”

வார்த்தை குழறவில்லை. கோபமும் சரியாக இருந்தது. இடது கையைப் பார்த்தேன். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் நேராக விழுந்தது. அதற்குள் மீனவர் இரக்கப்பட்டு அவள் பக்கம் குனிந்து கையை நீட்டிவிட்டார்.

“முட்டபேடி” என்றாள் அவள். தொடாதீர்கள் என்று கன்னடத்தில். நான் அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். “போகட்டும்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் துடுப்பை எடுத்தார்.

உங்களில் சிலர் இதைத் தைரியம் என்று நினைக்கலாம். தைரியம் வேண்டிய இடம் அது இல்லை. குழறியிருந்தால் நானே அவளைப் பிடித்துத் தூக்கியிருப்பேன், அவள் ஆயுளுக்கும் என்னிடம் பேசாமல் போனாலும். ஒரு ஆளை எப்போது நிறுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை நமக்குச் சொல்லித்தர அந்த ஆளைத் தவிர வேறு யாரும் இல்லை. அந்த ஆள் சொல்வதைக் கேட்டால் போதாது. கை எங்கே விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும், வீட்டில் என்ன நடக்கிறது, கம்பெனியில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தை மட்டும் வைத்து யாருக்கும் தூரம் போடாதீர்கள்.

கரை நெருங்கும்போது நேரம் முடியக் கொஞ்சமே இருந்தது. கால் தட்டுகிற ஆழம் வந்தும் அவளால் நிற்க முடியவில்லை. எழுந்தாள், விழுந்தாள், மறுபடி எழுந்தாள், மறுபடி விழுந்தாள். மணலில் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அதைத் தானாகத் தாண்டினால்தான் முடித்த கணக்கு. கரையில் காத்திருந்த கிருஷ்ணப்பா பேண்ட்டோடு, பாக்கெட்டில் போனோடு, இடுப்பளவு அலைக்குள் இறங்கி வந்துவிட்டார். நீச்சல் தெரியாத மனுஷன். தொடக் கூடாது என்று நான் படகிலிருந்து கத்தினேன். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். அவள் மண்டி போட்டு நகர்ந்து வந்தாள். அவர் அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார், ஒரு அடி தூரத்தில், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அலை ஒன்று வந்து அவளைச் சாய்த்தபோது அவர் கைகள் பின்னால் துடித்ததைப் பார்த்தேன். அவிழ்க்கவில்லை.

அவள் கோட்டைத் தாண்டி, தாண்டிவிட்டோமா என்று திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டு கையையும் அவரை நோக்கி நீட்டினாள்.

“இப்பப் புடி” என்றாள்.